வாளியைத் தூக்கும் முன்

சித்திரை மாதத்து மதியம். பந்தலில் பீர்க்கங்கொடியின் இலைகளெல்லாம் துவண்டு தொங்குகின்றன. பார்க்கிறவருக்கு மனசு கேட்காது. உடனே வாளியைத் தூக்கிவிடுவார். கோடையில் வீட்டுத்தோட்டங்கள் கெட்டுப்போவதற்கு வெயிலைவிட இந்த இரக்கம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த இலை தண்ணீர் கேட்கவில்லை, செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல் செடியில் தங்குவதே இல்லை. தண்டு வழியே ஏறி, இலைத்துளைகள் வழியே ஆவியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. இது வீண் செலவும் அல்ல. உணவு தயாரிக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதை உள்ளே வாங்க இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்தால் நீராவி வெளியேறும். கூடவே இன்னொரு பலனும் உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை இலையிடமிருந்தே எடுத்துக்கொண்டு நீர் போவதால், கொளுத்தும் வெயிலிலும் இலை வெந்துபோகாமல் இருக்கிறது.

பீர்க்கு, சுரை, பூசணி போன்ற அகன்ற இலைக்காரர்களுக்கு உச்சி வெயிலில் வரவைவிடச் செலவு மிஞ்சிவிடும். மண்ணில் ஈரம் இருந்தாலும் அந்த வேகத்துக்கு வேரால் நீரை ஏற்றித் தர முடியாது. செல்களின் விறைப்பு தளர்ந்து இலை தொங்குகிறது. தொங்கிய இலையின் மேல் வெயில் நேராக விழாமல் சாய்ந்து விழுவதால் சூடும் குறைகிறது. மாலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள், பெரும்பாலும் தானே நிமிர்ந்திருக்கும். மறுநாள் விடிகாலையிலும் அதே இலை துவண்டிருந்தால்தான் உண்மையான பஞ்சம். அதற்கு முன் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

விரலில் ஈரம் ஒட்டியும் தண்ணீர் ஊற்றினால் என்ன கெட்டுவிடும்? வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மண் பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் வேரின் சுவாச வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீரோ சூடாகச் சூடாகக் குறைந்த ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 35 டிகிரியில் 7 மில்லிகிராம். தேவை கூடுகிற நேரத்தில் இருப்பு குறைகிறது. மண்ணின் காற்று இடைவெளிகளையும் நாம் தண்ணீரால் அடைத்துவிடுகிறோம். மூச்சுத் திணறிய வேர் நீரை உறிஞ்சாது. இலை இன்னும் வாடும். வாடுகிறதே என்று இன்னொரு வாளி. வேர் அழுகி இப்படிச் செத்த செடியைப் பார்த்து, வெயில் தாங்காமல் போய்விட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

வெயில் ஒன்றும் சாதாரணமானதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 24 வாக்கில். கன்னியாகுமரிக்கு இன்னும் இரண்டு வாரம் முன்பே வந்துவிடுகிறது. ஆனால் சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003ஆம் ஆண்டு மே 31 அன்று. கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொன்ன பிறகு! நிலம் வாங்கிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே போவதும், மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று வலுத்து கடற்காற்றை உள்ளே விடாமல் தடுப்பதும் இதற்குக் காரணங்கள். ஆகவே கோடைக்கான வேலைகளை அக்னி நட்சத்திரம் பிறந்தபின் தொடங்குவது தாமதம். பங்குனியிலேயே முடித்திருக்க வேண்டும்.

வெப்பமானியின் எண்ணைவிடச் செடிக்கு முக்கியம் காற்றின் வறட்சி. 30 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றையும், 40 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றையும் ஒப்பிட்டால், இரண்டாவது காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை மூன்று மடங்கு. மதியத்துக்குமேல் கடற்காற்று வீசும் திருவான்மியூர்த் தோட்டத்துக்கும், அது எட்டிப் பார்க்காத கரூர், வேலூர்த் தோட்டங்களுக்கும் ஒரே அட்டவணை பொருந்தாததற்குக் காரணம் இதுதான். தோராயமாக ஒரு கணக்கு: மே மாதத்தில் சென்னை போன்ற ஊரில் பசுமை மூடிய ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்கு ஆறேழு லிட்டர் நீரை இழக்கும். ஒரு கத்தரிச்செடியின் இலைப்பரப்பு விரிந்து நிற்கும் இடம் சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்றால், அதற்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுமேல். உள்நாட்டில் இன்னும் கூடும். ஆனால் வாளி வாளியாகத் தேவையில்லை.

அந்த இரண்டு லிட்டரை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். நனைந்த மண்ணிலிருந்து நீர் இரண்டு கட்டமாக ஆவியாகிறது. மேல்மண் ஈரமாக இருக்கும்வரை, திறந்து வைத்த பாத்திரத்திலிருந்து போவதுபோல வேகமாகப் போகும். மேலே ஓர் அங்குலம் காய்ந்துவிட்டால் வேகம் சட்டென்று விழுந்துவிடும், ஏனென்றால் காய்ந்த மேல்மண்ணே கீழே உள்ள ஈரத்துக்கு மூடியாகிறது. பூவாளியால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பவர் இந்த மூடியைத் தினமும் கலைக்கிறார். அவர் ஊற்றியதில் பெரும்பகுதி வேரைப் பார்க்காமலே வானத்துக்குப் போய்விடும். வேரும் ஈரம் இருக்கும் மேல்மட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதாவது சூடு மிகுந்த இடத்தில். தரையில் நட்ட செடிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக, அரை அடி வரை இறங்கும்படி ஊற்றுவதே சரி. செடி வளர்க்கும் தொட்டிக்கும் பைக்கும் இந்த வசதி கிடையாது. அதில் உள்ள மண் சொற்பம். கோடையில் தினம் ஒருமுறை ஊற்றத்தான் வேண்டும். ஊற்றுவது விடிகாலையில் என்றால் நல்லது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் நீர் இரவில் ஆறியிருக்கும். மதியத்தில் வெயிலில் கிடக்கும் குழாயைத் திறந்தால் முதலில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர்.

மதியத்தில் இலை மேல் விழும் நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. 2010இல் ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத்தும் உடன் பணிபுரிந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். வழவழப்பான இலையில் துளி தட்டையாகப் படர்வதால் ஒளி குவியும் புள்ளி இலைக்கு வெகு கீழே போய்விடுகிறது; இலை கருகவில்லை. துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் ரோமங்கள் கொண்ட ஒரு நீர்ப்பெரணியில் மட்டும் கருகல் தெரிந்தது. நம் தோட்டத்தில் மதியம் தெளித்த இலையின் ஓரம் கருகினால் சந்தேகப்பட வேண்டியது ஆழ்துளைக் கிணற்றின் உப்பைத்தான். நீர் நொடியில் ஆவியாகி உப்பு இலையிலேயே தங்கிவிடுகிறது.

இதே உப்புதான் பைகளிலும் சேர்கிறது. வெளியேறுவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்தவையெல்லாம் மண்ணில் நின்றுவிடும். கோடை முழுக்க அளந்து ஊற்றிய பை ஒவ்வொன்றும் மே கடைசியில் ஒரு குட்டித் தூத்துக்குடி உப்பளம்தான். மண்ணின் மேலும் பையின் ஓரத்திலும் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியே வடியும்வரை ஒருமுறை நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி இறக்க வேண்டும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் கோடையில் அதை நிறுத்துவது நலம், மற்ற மாதங்களில் மழை கழுவிக் கொடுத்துவிடும். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. ரசாயன உரமும் ஒரு வகை உப்பு என்பதால் கத்திரி முடியும்வரை அதற்கும் விடுமுறை. மட்கிய தொழுவுரம் போதும்.

கோடைக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால், மூடாக்கு என்பேன். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை மட்டை, எது கிடைக்கிறதோ அதை மண் தெரியாதபடி இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்பிவிடுவது. வெயில் மண்ணைத் தொடாது. சருகுகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று ஈரம் சுமந்து நிற்பதால் மண்ணின் ஈரம் மேலேறத் தயங்கும். மண்புழுவும் நுண்ணுயிரும் பிழைக்கும். தெருவில் கூட்டிக் குவித்து எரிக்கப்படும் சருகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். செடியின் தண்டை ஒட்டி மட்டும் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அழுகும். கரையான் வரும் ஊர்களில் கூடுதல் கவனம் தேவை.

மாடித்தோட்டத்தில் இன்னொரு எதிரி காலுக்குக் கீழே இருக்கிறது. மே மாத மதியத்தில் கான்கிரீட் தளம் 55, 60 டிகிரியைத் தொடும். செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தளத்தின் மேல் நேராக வைத்த பைக்குக் கீழிருந்து ஒரு சூடு, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி என்றால் பக்கவாட்டிலிருந்து இன்னொரு சூடு. பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் 35, 40 டிகிரியைத் தாண்டினால் வளர்வதை நிறுத்திவிடும். தொட்டியின் மேற்கோரத்து வேர்கள்தான் முதலில் சாகும். இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் அடியில் காற்று ஓடும். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி அழகாக அடுக்கியிருப்பவர்கள் கோடைக்கு மட்டும் அவற்றை நெருக்கிக் கூட்டமாக வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். வெளிவரிசைத் தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசலாம், அல்லது நனைத்த சாக்கைச் சுற்றலாம்.

நிழல் வலை கட்டுவதில் ஒரு தயக்கம் பலருக்கு உண்டு: வெயிலை மறைத்தால் காய் காய்க்குமா? தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றின் ஓர் இலை முழு வெயிலில் பாதி கிடைக்கும் முன்பே தன்னால் முடிந்த அளவு ஒளிச்சேர்க்கையைச் செய்துவிடும். அதற்கு மேல் விழுவது வெறும் சூடு. ஆகவே ஐம்பது சதவீத வலை அவற்றுக்கு இழப்பல்ல. மேற்கு வெயிலைத் தடுப்பதே முதல் வேலை; மேலே கட்டும்போது செடிக்கும் வலைக்கும் நடுவே தாராளமாகக் காற்று ஓட இடம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி மேகம் கூடியதும் வலையைக் கழற்றிவிட வேண்டும். கட்டிய வலை ஐப்பசிவரை அப்படியே கிடந்து செடிகள் வெளிறி நெட்டையாக வளர்ந்த மாடிகள் நிறைய.

வலை கட்டினாலும் கோடைத் தக்காளி நம்மை ஏமாற்றும். மகரந்தம் உருவாகும் கட்டம் பூ விரிவதற்கு ஒன்றரை வாரம் முன்பே நடந்துவிடுகிறது. அப்போது பகல் 35 டிகிரியைத் தாண்டியோ இரவு 24க்குக் கீழே இறங்காமலோ இருந்தால் மகரந்தம் மலடாகிவிடும். சென்னையின் மே மாத இரவு அந்த அளவுக்கு இறங்குவதே அபூர்வம். அதனால் ஒரு கோடை மழை பெய்து குளிர்ந்த மறுநாளும் பூ கொட்டும்; அந்தப் பூவின் விதி பத்து நாள் முன்பே எழுதப்பட்டுவிட்டது. தப்பிப் பிடித்த காயும் 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சரியாக உருவாகாததால் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பழுக்கும். காயின் அடி கறுத்து அழுகினால் அது நோய் அல்ல. சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு மட்டுமே பயணிக்கும். ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று நாம் ஊற்றினால் காயின் நுனிவரை அது போய்ச் சேராது.

மல்லுக்கட்டுவதைவிட, வெயிலுக்கென்றே பிறந்தவற்றுக்கு இடம் கொடுக்கலாம். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, சுரை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கீரைகள். தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை இவை மூன்றும் சோளம், கரும்பு போல நான்கு கார்பன் வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை. கார்பன் டை ஆக்சைடை முதலில் பிடித்துச் செறிவாக்கி உள்செல்களுக்கு அனுப்புவதால், இலைத்துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே வேலை நடந்துவிடும். முழு வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளும். தொட்டி ஓரத்தில் களையாக முளைக்கும் பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே. நீர் கிடைக்கும்வரை நான்கு கார்பன் வழி. நீர் சுண்டியதும் கள்ளிச்செடியைப் போல இரவில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடைச் சேமித்துக்கொண்டு, பகலில் மூடிவைத்தே சமைக்கும். இந்த இரண்டு இயக்கமும் ஒரே செல்களுக்குள் நடப்பதை 2022இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தனை கெட்டிக்காரச் செடியைத்தான் நாம் பிடுங்கி எறிகிறோம். பருப்போடு கடைந்தால் லேசான புளிப்போடு அருமையாக இருக்கும்.

கோடையின் பூச்சிகளும் வறட்சியை விரும்புகிறவைதான். கத்தரி, வெண்டை இலைகளின் அடியில் நூலாம்படை நெய்யும் செம்பேன், 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் வளர்ச்சியை 30 டிகிரியில் ஒரே வாரத்தில் முடித்துவிடும். அதற்கு மருந்து தேடி ஓடும் முன், காலையில் இலையின் அடிப்பக்கத்தில் குழாய்நீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். அது ஈரத்தை வெறுக்கிறது. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதென்றால் வெயில் சாய்ந்தபிறகு. எண்ணெய் படிந்த இலை உச்சி வெயிலில் கருகும்.

மாவுப்பூச்சி விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய அனுபவம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. பப்பாளியிலிருந்து மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் வீட்டுச் செம்பருத்திக்கும் பரவியது. உடம்பெல்லாம் மெழுகுப் போர்வை என்பதால் மருந்துகள் அதன்மேல் சரியாக ஒட்டவில்லை. அடித்த மருந்து அதை உண்ணும் பூச்சிகளைத்தான் கொன்றது. 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு குளவிகள் வரவழைக்கப்பட்டுப் பெருக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. அந்த மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதை உள்ளிருந்து தின்று வளரும் குளவி அது. அடுத்த ஆண்டுக்குள் பெருந்தொல்லை அடங்கியது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டவுடன் கடையில் கிடைக்கும் கடும் மருந்தை அடிப்பவர் இந்தக் குளவியையும் சேர்த்துத்தான் துரத்துகிறார். முதலில் அந்தக் கிளையில் ஏறும் எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. காவல் போனால் குளவி வரும். பூச்சிக் கூட்டத்தின் நடுவே உருவத்தில் பெரியதாய், வேகமாக ஊர்ந்து திரியும் வெள்ளைப் புழுக்களைக் கண்டால் விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் இளம்புழுவும் அதே வெள்ளை மெழுகு வேடத்தில்தான் திரியும்.

செடிகளைக் காப்பாற்றுவது இவ்வளவுதான். ஆனால் இத்தனை வெயிலை வேலை வாங்காமல் விடுவதும் நஷ்டம். கொல்லையில் விளைந்து முற்றிய சுரை, பீர்க்கு, வெண்டையின் விதைகளை ஆடிப்பட்டத்துக்கு எடுத்துவைக்க இதுவே பருவம். விதையின் ஈரத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்பது அமெரிக்க விதை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் சொன்ன கணக்கு. ஈரமான விதையை நேராக உச்சி வெயிலில் போட்டால் உள்ளே கரு வெந்துவிடும்; முதல் சில நாள் நிழலில் உலர்த்தி, பிறகு காலை வெயிலில் காட்டி, ஆறியபின் காற்றுப் புகாத பாட்டிலில் போட வேண்டும். விதையோடு சாம்பல் கலக்கும் பழைய வழக்கத்தில் அறிவியல் இருக்கிறது. சாம்பல் துகள் வண்டின் மேல்தோல் மெழுகை உரசி எடுத்துவிட, வண்டு உடல்நீர் வற்றிச் சாகும்.

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று உழவர்கள் சொல்வது கோடை உழவைப் பற்றி. தோட்டத்தில் அதற்கு இணையான வேலை, பழைய தொட்டி மண்ணை வெயிலில் வேக வைப்பது. காய்த்து ஓய்ந்த பைகளைக் கவிழ்த்து, வேர்களை எடுத்துவிட்டு, மண்ணை அரையடி உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்துவிட வேண்டும். இஸ்ரேலில் ஜேக்கப் கட்டான் என்பவர் 1976இல் தம் குழுவினரோடு எழுதிய ஆய்வுக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. கறுப்புத் தாளைத் தேடிப் போக வேண்டாம். கறுப்புத் தாள் தான் சூடாகும், நிறமற்ற தாள் வெயிலை உள்ளே விட்டு மண்ணைச் சூடாக்கும். மண் ஈரமாக இருக்க வேண்டியது கட்டாயம்: ஈரம் சூட்டை உள்ளே கடத்துகிறது, உறங்கும் விதைகளையும் பூஞ்சை வித்துகளையும் விழிக்க வைத்துச் சூட்டுக்கு இரையாக்குகிறது. நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். மேல்மண் 45, 50 டிகிரியை நாள்தோறும் தொடும். வேர்முடிச்சு நூற்புழு, வாடல் நோய்ப் பூஞ்சை, களைவிதை இவற்றில் பெரும்பகுதி ஒழியும். டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சைகள் சூட்டைச் சற்று அதிகம் தாங்குவதால் காலியான இடத்தை அவை முதலில் பிடித்துக்கொள்ளும். தாளை எடுத்ததும் கொஞ்சம் தொழுவுரம் கலந்து ஆடிக்கு ஆற வைத்துவிடலாம்.

கோரை மட்டும் இதற்கு மசியாது. அதன் கிழங்கு தாளுக்கு அடியிலும் உயிரோடிருந்து, முனையால் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும். அதைக் கையால்தான் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த கிழங்குகளை உரக்குழியில் போடாமல் மொட்டைமாடித் தளத்தில் பரப்பி, நசுக்கினால் நொறுங்கும் அளவுக்குக் காயவிடுங்கள்.